சிவப்பு அட்டை மாட்டிய வீடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்பதி வீட்டுச் சமையலறையில், ஒரே ஈட்டில் முப்பத்தாறு இட்லி வேகும் பெரிய பானையின் கைப்பிடியில் நான் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாயில் பிரஷ்ஷோடு உள்ளே வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு நுரையைத் துப்பக்கூட மறந்து நின்றார்.

"இன்னா பண்ணிக்கினு கீற?"

"பாத்தா தெரியல? டேக் போட்டுக்கினு கீறேன்."

"இது வூடா, கம்பெனியா?"

"கம்பெனியில இவ்ளோ அடசல் இல்ல" என்றேன்.

அவர் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் நாலு பர்னர் அடுப்புக்கும் ஒரு அட்டை கட்டிவிட்டேன். நாலில் இரண்டு பர்னர் வாங்கின நாளிலிருந்து பற்றவைக்கப்படாமல் கடை பளபளப்போடு இருந்தன. பாதி அடுப்புக்கு எப்படி அட்டை போடுவது என்று தெரியவில்லை, முழு அடுப்புக்கே போட்டேன்.

போன வாரம் இதே பக்கத்தில் கம்பெனி பஸ் கதையை எழுதியபோது, இந்த அட்டை சமாசாரத்தை மட்டும் எழுதிவிடாதே என்று அவர் கேட்டுக்கொண்டார். எழுதாதே என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. இருபது வருஷமாகக் கூடக் குடித்தனம் நடத்துபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எப்புடம்மா?

அந்த அட்டை நான் கண்டுபிடித்தது இல்லை. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் லைன் சூப்பர்வைசர். அங்கே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, உபயோகத்தில் இல்லாத பொருள் மேலெல்லாம் சிவப்பு அட்டை மாட்டுவார்கள். அதில் நாலே வரி. பொருள் என்ன, எத்தனை, கடைசியாகப் பயன்படுத்திய நாள், வைத்திருக்கக் காரணம்.

மாட்டியதை ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். ஒரு மாதம் அங்கே கிடக்கும். யாருக்காவது வேண்டுமென்றால் காரணத்தை எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். யாரும் எடுக்காவிட்டால் அது வெளியே போய்விடும். அவ்வளவுதான் சட்டம்.

சேர்ந்த வருஷம் ஒரு ஓட்டைத் தள்ளுவண்டிக்காக நான் பெரிய சண்டை போட்டேன். வேணும் சார், எப்பவாவது தேவைப்படும் என்றேன். வந்திருந்த ஆபீசர் தெலுங்குக்காரர், மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

"எப்புடம்மா?" என்றார். எப்போது என்று கேட்கிறார்.

எப்பவாவது என்பதற்கு நாளும் கிழமையும் கிடையாதே. தள்ளுவண்டி போய்விட்டது. அன்றைக்கு எனக்கு ஆபீசர் மேல் வந்த கோபம் சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்வரை இருந்தது, புத்தூர் தாண்டுவதற்குள் ஆறிவிட்டது.

மலைக்கு வரும் சொந்தம்

இப்போது வீட்டுக் கதைக்கு வருகிறேன். நாங்கள் இருவரும் திருத்தணிப் பக்கம். பையனின் படிப்புக்காகத் திருப்பதிக்கு வந்தோம். மூன்று படுக்கை அறை கொண்ட வாடகை வீடு. பையன் பள்ளிக்கூடம் முடித்துச் சித்தூரில் பாலிடெக்னிக் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். மாதத்துக்கு ஒரு தடவை அழுக்குத் துணியோடு வருவான். எந்தக் காரணத்துக்காக வந்தோமோ அது முடிந்துபோனது, வீடு மட்டும் அப்படியே இருந்தது.

வீட்டுக்காரருக்கும் வேலை ஸ்ரீசிட்டியில்தான், வேறு கம்பெனி. காலை ஆறே காலுக்கு ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறுவோம். போக ஏறத்தாழ இரண்டு மணி நேரம், வர அதே இரண்டு மணி நேரம். ராத்திரி ஏழரைக்குக் கதவைத் திறந்தால் சோறு, தூக்கம். அந்த வீட்டு ஹாலில் பகல் வெயில் எந்தப் பக்கத்து ஜன்னலில் விழும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அப்புறம் எதற்கு மூன்று அறை? அங்கேதான் இருக்கிறது விஷயம். தமிழ்நாட்டில் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மலைக்குப் போகிறவர்கள் முதலில் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். லாட்ஜில் தங்கினார்கள் என்று காதில் விழுந்தால் நமக்கு மானம் போய்விடும். இதை யாரும் விதியாக எழுதிவைக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் அப்படித்தான் இருக்கிறோம்.

அந்த மானத்துக்காக நாங்கள் வாங்கியதைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். இரண்டு பெரிய கட்டில். பன்னிரண்டு தலையணை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு வருகிறவர்கள் சாய்ந்தால் கறைபடும் என்று அத்தனைக்கும் கறுப்பு உறை. இழுத்தால் படுக்கையாகும் சோபா. ஐந்து பேர் வரிசையாகக் குளித்தாலும் தீராத கீசர். இட்லிப் பானையும் அடுப்பும் ஏற்கெனவே சொன்னேன்.

வந்தவர்கள் இவற்றில் எதையாவது தொட்டார்களா என்று கேளுங்கள்.

கட்டிலில் படுத்தால் அசந்து தூங்கிவிடுவோம், தரிசன நேரம் தப்பிவிடும் என்று ஹாலில் பாய் போட்டுப் படுப்பார்கள். சாமிக்குப் போகிறோம், பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டால்தான் சரி என்று கீசர் பக்கமே போக மாட்டார்கள். இட்லி வேண்டாம், கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு இருக்கிறது. விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். மலையிலிருந்து இறங்கி வந்தால் ஒரு லட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்.

இப்படி ஏழு வருஷம். எனக்கு மட்டும் புத்தி இருந்தது என்று சொல்ல வரவில்லை. கறுப்பு உறை என் யோசனைதான்.

அக்காவும் கம்மலும்

சொந்தம் என்று பொதுவாகச் சொன்னாலும், எங்கள் வீட்டுக்காரர் மனசில் இருந்தது ஒரே ஆள். அவருடைய அக்கா, என் நாத்தனார் தனலட்சுமி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர். தம்பி ஐ.டி.ஐ. சேரக் காதிலிருந்த கம்மலைக் கழற்றி விற்றவர். இன்றைக்கும் அவர் காதில் இருப்பது கவரிங் தோடு. தம்பி தங்கத்தில் வாங்கித் தந்ததைப் பெண்ணுக்குப் போட்டுவிட்டார்.

வருஷத்துக்கு ஒரு தடவை, புரட்டாசியில், அண்ணி மலைக்கு வருவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் இவருக்கு அந்த வீடு.

போன ஆவணியில் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, வீட்டை விற்கப்போகிறேன், நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்துக்குள் பதில் வேண்டும் என்றார். இவர் முகம் மலர்ந்துவிட்டது. இருவருடைய சேமிப்பையும் போட்டு, மீதிக்கு லோன் எடுத்து, ரிடையர் ஆகும்வரை கட்டலாம் என்றார். ரிடையர் ஆகும்வரை என்றால், அதுவரைக்கும் தினம் நாலு மணி நேரம் பஸ் என்று அர்த்தம்.

என் இடுப்பு ஏற்கெனவே போய்விட்டது. வரதய்யபாளையத்தில் சின்னதாக ஒரு வீடு பார்க்கலாம், கம்பெனி அரை மணி நேரம்தான் என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். அவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். அக்கா வந்தா எங்க தங்கும்?

வாயால் சொல்லி நடக்கவில்லை என்ற கோபத்தில்தான் கம்பெனியிலிருந்து ஒரு கட்டு பழைய அட்டையைக் கேட்டு வாங்கிவந்தேன்.

நடு அறையில் ஒரு மாதம்

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாட்டினேன். மாட்டியதையெல்லாம் நடு அறைக்குத் தள்ளினேன். அவர் வாசலில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். மதியத்துக்கு மேல் எழுந்துவந்து என்னிடமிருந்து ஒரு அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். நேராக என் தையல் மிஷினுக்குப் போய் மாட்டினார்.

அது பூ வேலை செய்யும் மிஷின். ஜாக்கெட்டில் பூப் போட்டுக் கொடுத்து ரிடையர் காலத்தில் பிழைத்துக்கொள்வேன் என்று அடம்பிடித்து வாங்கியது. ஒரே ஒரு கைக்குட்டையில் ஒரே ஒரு பூப் போட்டேன், அதுவும் வாத்து மாதிரி வந்தது. கடைசியாகப் பயன்படுத்திய நாள் என்ற இடத்தில் அவர் 'வாத்து' என்று எழுதியிருந்தார்.

நான் கத்தினேன். என்றைக்காவது உபயோகப்படும் என்றேன்.

"எப்புடம்மா?" என்றார், அந்த ஆபீசர் பேசுவதுபோலவே. ஒரு நாள் அந்தக் கதையை அவரிடம் சொன்னது என் தப்பு.

மிஷினும் நடு அறைக்குப் போனது. ஒரு மாதம் என்று தவணை வைத்தோம். யாருக்கு எது வேண்டுமோ காரணம் எழுதி எடுத்துக்கொள்ளலாம். பையன் வந்து ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு போனான். காரணம்: ஹாஸ்டலில் கொசு. அதைத் தவிர ஒன்றும் நகரவில்லை. ஆனால் இவரும் அசையவில்லை. பொருளை வேண்டுமானால் கொடு, வூட்ட மட்டும் வுட மாட்டேன், புரட்டாசி வருது பார் என்றார்.

புரட்டாசியும் வந்தது.

ஒரு வியாழக்கிழமை

சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து அண்ணி ஒரு வியாழக்கிழமை வந்தார். இருவருக்குமே லீவு கிடைக்கவில்லை. எங்கள் லைனில் அவசர ஆர்டர், அவர் பக்கத்தில் ஒரு பெரிய ரிப்பேர். பக்கத்து வீட்டு ராஜேஸ்வரம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம்.

காலை பதினோரு மணிக்கு அண்ணி வந்து, சாவி வாங்கி, குளித்து, தான் கொண்டுவந்ததைச் சாப்பிட்டு, சற்றுப் படுத்து, நாலு மணிக்கு மலைக்குக் கிளம்பிவிட்டதாக ராஜேஸ்வரம்மா சொன்னார். நாங்கள் ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணி மலையில் வரிசையில் நின்றிருப்பார். மறுநாள் தரிசனம் முடிந்து இறங்கியதும் அப்படியே திருத்தணி பஸ் பிடித்துவிட்டார். அப்போதும் நாங்கள் வேலையில்.

வீட்டில் அவர் வந்து போனதற்கு அடையாளமாக ஈர வாளி ஒன்று, மடித்துவைத்த பாய் ஒன்று, சமையல் மேடையில் ஒரு தூக்கு நிறைய அதிரசம். இவர் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தார். அக்கா வருகிறது என்று முதல் நாள் நடு அறைக் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தார் பாவம், அது போட்டபடியே கிடந்தது. சமையலறைக்கு வந்து ஒரு அதிரசத்தை எடுத்து, நின்றபடியே தின்றார். எனக்கு அவரைக் கேலி செய்ய வாய் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு லீவு, எனக்கு வேலை. சாயங்காலம் நான் திரும்பி வரும்போது ராஜேஸ்வரம்மா எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இல்லு அம்மேஸ்துன்னாரா?" வீட்டை விற்கிறீர்களா என்று கேட்டார்.

விற்க அது எங்கள் வீடே இல்லையே என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். கேட்டில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. இவருடைய கையெழுத்து.

பொருள்: வீடு. எத்தனை: ஒன்று. கடைசியாகப் பயன்படுத்திய நாள்: வியாழன், அக்கா, ஐந்து மணி நேரம். வைத்திருக்கக் காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

உள்ளே அவர் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஜெயித்துவிட்டேன் என்று துள்ள வேண்டியவள் நான். துள்ளவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா எனக்காவ கம்மல வித்துச்சு" என்றார். "அது வந்தா தங்க ஒரு வூடு கூட வெக்க முடியலன்னு ஆயிடும்."

"அண்ணி இங்க தங்கவே இல்லீங்களே."

"தெரியுது" என்றார். "அத்தான் எழுதினேன்."

சரி என்ற ஒரு வார்த்தை

வீட்டுச் சொந்தக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நடு அறையில் கிடந்ததை ராஜேஸ்வரம்மா தெருவெல்லாம் சொல்லி அனுப்பி ஆட்களைக் கூட்டிவந்தார். கட்டில்கள் ஒரு புதுமணத் தம்பதிக்குப் போயின. இட்லிப் பானையைத் தள்ளுவண்டியில் டிபன் விற்கும் அம்மா ஒருவர் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, மறுநாளே வேலைக்கு வைத்துவிட்டார். என் மிஷினைக் கொடுக்கும்போது மட்டும் நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

கார்த்திகையில் வரதய்யபாளையத்துக்கு மாறினோம். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை, இடுப்புக்கு ஏற்ற நல்ல மெத்தை ஒன்றைத் தவிர. அதில் நான் தினமும் படுக்கிறேன், இதற்கு யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை. ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறோம். வெளிச்சம் இருக்கும்போதே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முதலில் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

ஆனால் அண்ணியிடம் யார் சொல்வது? இவருக்குத் தைரியம் வரவில்லை. போனை என்னிடம் நீட்டினார். திருப்பதி வீட்டைக் காலி செய்துவிட்டோம், வேலைக்குப் பக்கமாக வந்துவிட்டோம் என்று நான் சொன்னேன்.

"அப்டியா. சரி" என்றார் அண்ணி. போன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு மார்கழி முடியும்வரை அண்ணியிடமிருந்து போன் வரவில்லை. இவர் போட்டால் அண்ணியின் பெண் எடுத்து, அம்மா மல்லாட்டைக் கொல்லையில் இருக்கிறது என்பாள். எங்கள் பக்கம் மல்லாட்டை என்றால் நிலக்கடலை, கொல்லை என்றால் வயல். இவருக்குச் சோறு இறங்கவில்லை. நான்தான் வூட்ட வுட்டு அக்காவுக்குக் கதவச் சாத்திட்டேன் என்று ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு நான் செய்தது தப்போ என்று எனக்கே ஆகிவிட்டது. இடுப்பு வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும், அவர் சிரித்த முகமாக இருந்திருப்பாரே என்று நினைத்தேன்.

தை மாதம்

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், நாங்கள் வேலையிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறோம். வாசலில் ஆட்டோ சத்தம். பையோடு அண்ணி இறங்கினார். திருத்தணியிலிருந்து இரண்டு பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார்.

இவர் எழுந்த வேகத்தில் காபி தரையில் கொட்டியது. பையை வாங்கினார். உட்கார வைத்தார். ஒரு அறைதான்க்கா, சின்ன வூடு என்று நாலு தடவை சொல்லிவிட்டார். பிறகு, இங்கிருந்து திருமலைக்கு எப்படிப் போக வேண்டும், எந்த பஸ், எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மலைக்கு யார்ரா போறது?" என்றார் கடைசியில். "புரட்டாசில போய்ட்டு வந்தேனே. இப்போ உன்னப் பாக்க வந்தேன். மல்லாட்ட வேல முடியட்டும்னு இருந்தேன்."

"போன்ல சரின்னு சொல்லி வெச்சிட்டியே, கோவமோன்னு…"

"கோவம் இன்னாத்துக்கு? எனக்கு போன்ல பேச வராது, உனக்குத் தெரியாதா?" என்றவர் காலை நீட்டி உட்கார்ந்தார். "அந்தத் திருப்பதி வூட்டுக்கு வரவே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். வந்தா நீங்க இருக்க மாட்டீங்க. வராட்டி நீ வருத்தப்படுவ. அதுக்கோசரம் வந்துட்டு ஓடிடுவேன்."

ஏழு வருஷமாக நாங்கள் அவருக்காக ஒரு வீட்டைச் சுமந்தோம், அவர் எங்களுக்காக அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, என்ன செய்ய.

அண்ணி நாலு நாள் இருந்தார். ஹாலில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஊர்க் கதையெல்லாம் சொன்னார். மூன்றாம் நாள் சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும், அண்ணி காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஏண்டா, நீ கம்பெனில இன்னாதான்டா வேல செய்யற?"

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். உருக்கிய பிளாஸ்டிக் அச்சுக்குள் போய் ஆறி வெளியே வருவதை, அந்த அச்சு தேய்ந்தால் தான் அதைச் சரிசெய்வதை, மயிரிழை பிசகினாலும் ஆயிரம் சாமான் வீணாகிவிடும் என்பதை, கையாலேயே காற்றில் வரைந்து சொன்னார். கம்மலை விற்றுப் படிக்க வைத்த படிப்பு என்ன வேலை செய்கிறது என்று அண்ணி கேட்பது அதுதான் முதல் தடவை. சுவரிலிருந்த சுவிட்சுப் பெட்டியைக் காட்டி, இது மாதிரிதான்க்கா, இது மாதிரிதான் நாங்க செய்யறது என்றார்.

அண்ணி எழுந்துபோய் அந்தச் சுவிட்சுப் பெட்டியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லா வழுவழுன்னு கீதே" என்றார். "அப்பால? சொல்லு."